பதக்கம் வந்தபின் கைதட்டுகிறீர்கள், அதற்கு முன் ஆடுகளம் எங்கே?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் இரண்டு கபடி அணிகளும் தங்கம் வென்றன. பெண்கள் அணியின் துணைத் தலைவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் நம் டெல்டாவின் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ். முதலமைச்சர் இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் வழங்கினார். நல்லது.

ஆனால் அந்த வாரம் காதில் விழுந்த ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: "திறமை இருந்தால் சாதி என்ன செய்யும்? கார்த்திகாவைப் பாருங்கள்."

பார்ப்போம். கண்ணகி நகர், நகரத்தின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட, பெரும்பாலும் தலித் குடும்பங்களை 2000 முதல் கொண்டுபோய்க் குவித்த இடம். அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தர மறுக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கார்த்திகா அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே சொல்கிறார். தடையை மீறி ஒருவர் வந்தார் என்பது தடை இருப்பதற்குத்தான் சாட்சி.

இது பழைய கதை. நூறாண்டுக்கு முன் பல்வாங்கர் பாலு இந்தியாவின் தலைசிறந்த பந்துவீச்சாளர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். ஆனால் பூனாவில் தொடக்க காலத்தில், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. அவர் வீசும் பந்து வேண்டும், தொட்ட குவளை வேண்டாம். கபடியோ தொடாமல் ஆட முடியாத ஆட்டம். அதனால்தான் பல ஊர்களில் தெருவுக்கொரு அணி. தை மாதப் போட்டிகளின் ஃபிளெக்ஸ்களைப் பாருங்கள், எந்தப் படம், எந்தச் சாதிப் பட்டம் என்று.

இனி நம் ஊருக்கு வருவோம். வடுவூரில் தலைமுறை தலைமுறையாகக் கபடி உண்டு, உள்விளையாட்டரங்கமும் உண்டு. களம் இருந்தால் வீரர் வருவார் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். நம் சேரிகளில் என்ன இருக்கிறது? ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அடுத்தவர் வயல். சம்பா அறுத்த வயலில் ஆடலாம் என்றால் அறுப்புக்கு முன்பே உளுந்து விதைத்திருப்பார்கள். ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை. கூலி உயர்வு கேட்டதற்கு 1968இல் வெண்மணியில் 44 பேரை எரித்த மண் இது. இங்கே விளையாட்டு என்பதும் நிலக் கேள்விதான்.

ஊர்ப் பொதுத் திடல் இருக்கிறதே என்பார்கள். பொது என்றால் நம் பிள்ளைகள் அங்கே சண்டையில்லாமல் பாடிப்போக முடிகிறதா? பெண் பிள்ளைகள்?

வென்ற பின் தரும் 25 லட்சம் பரிசு. வெல்லும் முன் தரும் களம், காலணி, முட்டை, பயிற்சியாளர், இவை உரிமை. அரசு பரிசைக் காட்டி உரிமையை மறக்கச் செய்யக் கூடாது.

தோழர்களே, ஸ்டேட்டஸ் வைத்தது போதும். உங்கள் ஊராட்சியில் விளையாட்டுத் திடலின் புல எண் என்ன, அது சேரியிலிருந்து எவ்வளவு தூரம், யார் ஆடுகிறார்கள், அதற்கு எவ்வளவு செலவிட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதிலோடு ஜனவரி 26 கிராமசபைக்குப் போங்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை எழுந்து வராதீர்கள்.