பழைய டிவி கேமுக்கு நீங்களே கேம் எழுதணுமா? முதல்ல சரியான எமுலேட்டரைப் பிடிங்க!

கேசட்டை எடுத்து, ஊதி, மறுபடி சொருகி விளையாடிய 90ஸ் கிட்ஸுக்கு அந்த 'டிவி கேம்' மறந்திருக்காது. அப்போது நம் கடைகளில் கிடைத்தவற்றில் பல, ஜப்பானின் நின்டெண்டோ 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள்தான். அந்தக் கருவிக்கு இன்றும் புது கேம்கள் எழுதப்படுகின்றன. 2019-ல் வந்த 'மைக்ரோ மேஜஸ்' மொத்தமே 40 கேபி!

நாமும் எழுதலாமா? தாராளமா. பழைய லேப்டாப்பும் இலவச மென்பொருளும் போதும். ஆனால் பலர் சறுக்குவது முதல் படியில்தான்: எமுலேட்டர் தேர்வு.

இதைக் கற்று என்ன பயன்?

ஃபேமிகாமின் முதன்மை ரேம் 2 கேபி மட்டுமே. ஒவ்வொரு பைட்டையும் நீங்களே கணக்குப் பார்க்கணும். எம்பெடட் வேலைக்குத் தேவையான அடிப்படைப் பழக்கம் இதுதான். மாரண்டஹள்ளியில் ரயில் ஏறி ஓசூர், பெங்களூரு என வேலை தேடிப் போகும் ஒருவர், விலை கொடுத்து போர்டு வாங்காமலே வீட்டில் இதைப் பழகலாம்.

எல்லா எமுலேட்டரும் ஒன்றுதானே?

இல்லை. ஆப் ஸ்டோரில் முதலில் கண்ணில் படுபவை விளையாடுவதற்கானவை. கேம் ஓடினால் போதும் என்பது அவற்றின் நோக்கம். எழுதுபவருக்கு வேண்டியது, உள்ளே நடப்பதைக் காட்டும் எமுலேட்டர். ஃபேமிகாமுக்கு 'மெசன்', 'எஃப்சிஇயூஎக்ஸ்' இரண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். லேப்டாப் ரொம்பப் பழசு என்றால் இரண்டாவது இலகுவாக ஓடும். கேம் பாய்க்கு 'எமுலிசியஸ்', சேகா மெகா டிரைவுக்கு 'பிளாஸ்ட்எம்' உண்டு. கோடு எழுத 'சிசி65' கம்பைலர். எதையும் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள்.

டீபக்கர் என்ன செய்யும்?

உங்கள் கேமில் 3 உயிர்கள். ஒரு கட்டத்தில் அது திடீரென 255 ஆகிவிடுகிறது. பூஜ்யத்தில் இருக்கும்போது இன்னொன்றைக் கழித்ததால், 8 பிட் எண் சுற்றி வந்துவிட்டது. எங்கே கழித்தோம்? உயிர் எண்ணிக்கை இருக்கும் மெமரி முகவரியில் பிரேக்பாயிண்ட் வையுங்கள். அதை மாற்றும் வரி வந்ததும் கேம் அப்படியே நின்றுவிடும். குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிடும்.

எமுலேட்டரில் ஓடுது, நிஜக் கருவியில் ஓடல... ஏன்?

முக்கியமான இரண்டு காரணங்கள். ஒன்று, சுவிட்ச் போட்டதும் நிஜ ரேமில் பூஜ்யம்தான் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. பூஜ்யம் நிரப்பித் தரும் எமுலேட்டர் உங்கள் தப்பை மறைத்துவிடும். மெசனில் ரேமைத் தாறுமாறாக நிரப்பும் அமைப்பு உண்டு, அதை ஆன் செய்யுங்கள்.

இரண்டாவது, வேகம். ஜப்பான் டிவி முறையில் வினாடிக்கு சுமார் 60 ஃபிரேம், நம் நாட்டின் பால் முறையில் 50. ஃபிரேமை எண்ணி ஓடும் கேம் இங்கே மெதுவாகிவிடும். பால் நாடுகளில் விற்ற நகல் கருவிகளின் வேகத்தைச் சோதிக்க, மேலே சொன்ன இரண்டிலும் 'டெண்டி' என்ற தேர்வு இருக்கிறது.

சட்டப்படி சிக்கல் வருமா?

நீங்களே எழுதிய கேம் உங்களுடையது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன் பிரிவு 52, முறையாகப் பெற்ற மென்பொருள் எப்படி இயங்குகிறது என்று ஆராய இடம் தருகிறது. அடுத்தவர் கேமின் ரோமை அனுமதியில்லாமல் இறக்குவது வேறு கதை, அதைத் தவிருங்கள்.

எங்கே தொடங்கலாம்?

லேப்டாப் இல்லையா? '8பிட்வொர்க்ஷாப்' தளத்தில் பிரவுசரிலேயே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். பெரிய கேம் கனவெல்லாம் அப்புறம். முதல் வாரம், பட்டனை அழுத்தினால் ஒரு புள்ளி நகர்ந்தால் போதும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. 8085 கிட்டில் இரண்டு எண்களைக் கூட்டிக் காட்டுவதோடு லேப் முடியத் தேவையில்லை. பக்கத்திலேயே ஒரு டீபக்கரையும் திறந்து வைத்தால், தன் புரோகிராம் ஏன் தப்பாகிறது என்பதை மாணவர் தன் கண்ணாலேயே பார்ப்பார். இதற்குச் செலவு எதுவும் இல்லை. மனசு வைத்தால் போதும்.