கருவிக்கு முன் ஆசிரியரின் நேரம்: அரசுப் பள்ளி வகுப்பறைத் தொழில்நுட்பம் குறித்த எங்கள் நிலைப்பாடு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து நடத்தும் அமைப்பு எங்களுடையது. வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் வருவதை மனதார வரவேற்கிறோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடமில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், பின்னர் வந்த ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான டேப் ஆகிய அனைத்தையும் சமூகநீதிக்கான செலவாகவே பார்க்கிறோம்.

அந்தச் செலவு வீணாகக் கூடாது. கருவியோடு அதைக் கையாளும் ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும், பழுது பார்க்க ஆளும் பணமும் ஒரே திட்டத்தில் இடம்பெற வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

இப்படிச் சொல்வதற்கு அனுபவம் இருக்கிறது. தென்னமெரிக்க நாடான பெரு, பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வழங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஆய்வு நடத்திய அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி, கணக்கிலோ மொழியிலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று 2012இல் அறிவித்தது. நம் மாநிலத்தில் கொரோனா காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுவரை கொண்டு சென்றது. பெரும் பணி அது. ஆனாலும் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பக்கத்து மாநிலமான கேரளம் வேறு வழியில் சென்றது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர் பயிற்சியையும் கட்டற்ற மென்பொருளையும் அடித்தளமாகக் கொண்டது. பின்னாளில் அதுவே ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அங்கே ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் பயிற்சி பெற்ற மாணவர்களே பள்ளியின் கருவிகளைப் பராமரிக்க உதவுகிறார்கள்.

நம் பள்ளிகளில் பெரிய சிக்கல் நேரம். ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். வருகைப் பதிவு, நலத்திட்ட விவரம், தேர்வுப் பதிவு என, பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்ற வேண்டியவை அவர்கள் தலையிலேயே விழுகின்றன. கற்பிக்க உதவ வந்த கருவி, கற்பிக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. அதோடு மின்தடையும் இணையத் தடங்கலும் சேர்ந்தால் அன்றைய பாடம் நின்றுவிடுகிறது.

எனவே அரசிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்:

1. தொடக்கப் பள்ளிகளின் எமிஸ் பதிவுக்குக் பல பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மைய அளவில் தனிப் பணியாளர் வேண்டும். ஆசிரியர் ஒரே விவரத்தை இரண்டாம் முறை பதியும் நிலை இருக்கக் கூடாது.

2. கருவி கொள்முதலோடு பராமரிப்பு, பேட்டரி, இணையக் கட்டணம் ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். பழுதைச் சரிசெய்யக் காலவரையறை வேண்டும்.

3. பயிற்சி ஒருநாள் கூட்டத்தோடு முடியாமல், ஆசிரியரின் சொந்த வகுப்பறையில், அவர் நடத்தும் பாடத்தைக் கொண்டே தொடர வேண்டும்.

4. பாடங்கள் இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும். நல்ல தமிழில் இருக்க வேண்டும். பார்வை, செவித்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் பயன்பட வேண்டும்.

5. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. எனவே மாணவர் விவரங்கள் எங்கே, யாரிடம், எதற்காக இருக்கின்றன என்பதைப் பெற்றோருக்குத் தமிழில் தெரிவிக்க வேண்டும்.

6. தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கையெழுத்தும் கைகளால் செய்து பழகும் கணக்கும் முதலிடத்தில் இருக்க வேண்டும். அவற்றின் நேரத்தைத் திரை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் பங்கையும் செய்வோம். கருவிகளின் நிலையைப் பருவந்தோறும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவுசெய்து, கல்வி அலுவலர்களுக்கு அனுப்புவோம். புதிய திட்டம் எதுவானாலும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரைக் கேட்ட பிறகே வடிவமைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருப்போம்.