தமிழ் ஆய்வேடுகளில் ஆங்கிலச் சுருக்கம்: ஒரு மறுப்புரை

தமிழ் முனைவர்பட்ட ஆய்வேடுகளில் இடம்பெறும் ஆங்கிலச் சுருக்கம் குறித்து இருவேறு கருத்துகள் ஆய்வுலகில் நிலவுகின்றன. தமிழில் எழுதப்பட்ட தமிழாய்வுக்கு ஆங்கில முத்திரை எதற்கு என்பது ஒன்று. விதி கேட்கிறது, ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டால் போதும் என்பது மற்றொன்று. முன்னது மொழிப்பற்றின் குரல். பின்னது அலுவலகத்தின் குரல். எதிரெதிரானவை போலத் தோன்றினும் இரண்டின் விளைவும் ஒன்றே. அப்பக்கத்தைத் தாமே எழுதும் பொறுப்பிலிருந்து ஆய்வாளரை இரண்டும் விடுவித்துவிடுகின்றன. அவ்விடுதலை தமிழாய்வுக்குக் கேடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்பக்கம் உருவாகும் விதம் அனைவரும் அறிந்ததே, எழுதுவோர்தாம் இல்லை. ஆய்வேடு தட்டச்சாகி, மெய்ப்புப் பார்த்து, பைண்டிங்குக்குச் செல்லும் நாளில்தான் சுருக்கத்தின் நினைவு வருகிறது. ஆங்கிலத்துறை நண்பரோ, தட்டச்சு நிலையத்தாரோ, அண்மைக்காலமாகக் கணினி மொழிபெயர்ப்போ அதனை ஆக்கித் தருகின்றன. அவர்கள் கையில் கொடுக்கப்படுவது பொருளடக்கம். திரும்பக் கிடைப்பதும் பொருளடக்கமே. ஆய்வேடு முன்னுரை, முடிவுரை நீங்கலாக ஐந்து இயல்களை உடையது. முதல் இயல் ஆசிரியர் வரலாற்றைக் கூறுகிறது. இரண்டாம் இயல் சமுதாயச் செய்திகளைத் தொகுக்கிறது. ஐந்தாம் இயல் நடையை ஆராய்கிறது. ஆராய்ந்து கண்டது யாது என்னும் வினாவுக்கு அப்பக்கத்தில் விடை இராது.

இதற்கு மொழிபெயர்த்தவரைக் குறை கூறுதல் முறையன்று. தமிழ் மூலத்தில் கருதுகோள் தெளிவாக இருந்தால் எத்துணை மோசமான ஆங்கிலத்திலும் அதன் நிழலேனும் விழும். நிழலும் விழாத இடத்தில் உருவமே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தை வெறுப்போர் பலர் வெறுப்பது ஆங்கிலத்தையன்று; முந்நூறு சொல்லில் ‘இன்னது கண்டேன்’ என்று கூற வேண்டிய கட்டாயத்தை. நானூறு பக்கத் தொகுப்பில் மறைந்துகொள்ளும் வெறுமை ஒரு பக்கத்தில் மறைய இடமில்லை.

சொற்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தொல்காப்பியம் ‘இறைச்சி’ என்பது அகப்பாடலில் கருப்பொருளின் வழியே குறிப்பாகப் புலப்படும் பொருள். வழக்குத் தமிழை மட்டும் அறிந்த அகராதிக்கோ எந்திரத்துக்கோ அது கசாப்புக்கடைப் பொருள். ‘களவு’ திருட்டாகிறது. ‘துறை’ பல்கலைக்கழகத் துறையாகிறது. ‘உரை’ என்பது பேச்சா, உரைநடையா, உரையாசிரியர் எழுதியதா என்பதை மொழிபெயர்ப்பவர் அறியார். திணையை நிலக்காட்சி என்று ஒருவரும், ஒழுக்கம் என்று இன்னொருவரும், இலக்கிய வகை என்று மற்றொருவரும் ஆங்கிலப்படுத்துகின்றனர். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கோட்பாட்டு நிலைப்பாடு உண்டு. அந்நிலைப்பாட்டை எடுக்க வேண்டியவர் ஆய்வாளர். தட்டச்சு நிலையம் அதனை எடுத்துக்கொண்டிருக்கிறது.

பெயர்களின் எழுத்துப்பெயர்ப்பும் இவ்வாறே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1936இல் நிறைவுற்றபோதே ஒழுங்கான முறை கிடைத்துவிட்டது. இன்றும் சிலப்பதிகாரத்தை ஆங்கில ‘சி’யில் தொடங்குவோர் உளர், ‘எஸ்’ஸில் தொடங்குவோர் உளர், ‘சி-எச்’ இட்டுத் தொடங்குவோரும் உளர். ழகரத்துக்குக் கோழிக்கோட்டிலும் ஆலப்புழையிலும் ஊர்ப்பலகை எழுதும் முறையையே சிலர் ஆய்வேட்டுக்கும் கொள்கின்றனர். எம்முறையாயினும் ஆகுக, ஒரே பக்கத்தில் மூன்று முறை கலத்தல் ஆகாது. தேடுவோர் ஒரு வடிவத்தில் தேடினால் பிற வடிவங்களில் உள்ளவை அவருக்கு இல்லாதவையே.

வாசிப்பவர் யார்?

‘யார் படிக்கப் போகிறார்கள்’ என்பது அலுவலகக் குரலின் கடைசி அரண். ஆய்வேடு நூலக நிலைப்பேழையில் உறங்கிய காலத்தில் அதற்குச் சிறிது நியாயம் இருந்திருக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கச் செய்தன. அதன்பின் காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையத்தின் ‘சோத்கங்கா’ களஞ்சியம் நாடு முழுவதுமுள்ள ஆய்வேடுகளைத் திரட்டி வைத்துள்ளது. தமிழ் ஆய்வேடுகளுக்கு இங்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஒருங்குறி பரவுமுன் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை அவற்றுள் பல. திரையில் தமிழாகத் தோன்றும் அப்பக்கம் கணினியின் உள்ளே உரோமன் எழுத்துகளின் குப்பை. படமாக வருடப்பட்டவற்றில் அதுவும் இல்லை. ‘நெய்தல்’ என்று தேடினால் நெய்தல் பற்றிய ஆய்வேடே அகப்படாது. அத்தகைய ஏடுகளுக்கு ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமுமே வாயில். அதனால் அச்சுருக்கத்தின் முதல் வாசகர் வெளிநாட்டார் அல்லர். அதே பொருளில் ஆயத் தொடங்கும் அடுத்த தமிழ் மாணவர். அவருக்கு வாயில் அடைபடுவதால்தான் ஒரே தலைப்பு ஊர்தோறும் மீண்டும் ஆராயப்படுகிறது.

ஆய்வேட்டுச் சுருக்கம் என்னும் வடிவமே இத்தேவையில் பிறந்ததாகும். அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1938இல் நுண்படச் சுருளில் ஆய்வேடுகளைப் பதிந்து விற்கத் தொடங்கிய நிறுவனம், எதை வாங்குவது என்று அறிய வாசகருக்குச் சுருக்கங்களை அச்சிட்டு அனுப்பியது. முனைவர்பட்ட ஏட்டுக்கு 350 சொல் என்னும் எல்லை நெடுங்காலம் அங்கு வழங்கிற்று. ஏட்டைக் கையில் கொள்ளாதவர்க்கு ஏட்டின் முடிவைச் சொல்வது அதன் பணி. இயல் எண்ணிக்கை சொல்வது அன்று.

திருவனந்தபுரத்தின் சான்று

ஆங்கிலம் வேண்டா என்னும் மொழிப்பற்றாளர் திருவனந்தபுரத்தின் தமிழ் வரலாற்றை நோக்குதல் தகும். ‘மனோன்மணீயம்’ (1891) இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இங்குள்ள மகாராசா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். தமிழ்த்தாய்க்கு வாழ்த்துப் பாடிய அவரே திருஞானசம்பந்தரின் காலத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்தார். சம்பந்தரை 13ஆம் நூற்றாண்டுக்குக் கீழிறக்கிய கருத்து கால்டுவெல் முதலியோரின் ஆங்கில நூல்களில் இருந்தது. மறுப்பும் அம்மொழியிலேயே எழுந்தது. தமிழ்ப் பற்றில் அவரை விஞ்சுவோர் யாரேனும் இருப்பின் அவர் ஆங்கிலச் சுருக்கத்தை மறுக்கலாம். பேரகராதிப் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை 1950களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவருடைய தமிழ்மொழி இலக்கிய வரலாறு 1956இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் காலக் கணிப்புகளை ஏற்காதோர் பலர். ஆயினும் மறுக்கத்தக்க ஒரு முடிவு அதில் இருந்தது; இன்றைய சுருக்கங்களில் மறுக்கக்கூட ஒன்றும் இல்லை.

1957இல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியபின் வ. அய். சுப்பிரமணியம் வகுத்த நெறி இந்தியா எங்கும் அறியப்பட்டது. புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. சங்க இலக்கியத்துக்கும் காப்பியத்துக்கும் விளக்கமுறை இலக்கணங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. ச. வே. சுப்பிரமணியன் சிலப்பதிகாரத்துக்கு எழுதியது 1965இல் நூலாயிற்று. தனிநாயக அடிகள் 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழைத் தொடங்கியதும், 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதும் இதே நம்பிக்கையின் விளைவுகள்.

அலுவலகத்தாரும் மொழிப்பற்றாளரும் ஒருங்கே காணாத குறை ஒன்று இங்குதான் உள்ளது. அவ்விலக்கணங்களைத் தமிழ் வகுப்பறை இன்றளவும் போதிய அளவு பயன்படுத்தவில்லை. ஒலியன், உருபன், தொடர் என்று எண்ணிட்டுச் செல்லும் ஆங்கிலப் பக்கங்கள் தமிழாசிரியர்க்கு எட்டவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய ஒவ்வொருவரும் நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் சேர்த்திருப்பின் சிலப்பதிகார வினைவடிவங்களைப் பற்றிய முடிவுகள் சிற்றூர்க் கல்லூரி வரை சென்றிருக்கும். தமிழில் எழுதுவோரிடம் ஆங்கிலச் சுருக்கம் கேட்கும் விதி, தமிழைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோரிடம் தமிழ்ச் சுருக்கம் கேட்பது அரிது. மொழியியல், வரலாறு, மானிடவியல் ஆகிய துறைகளில் தமிழர் வாழ்வை ஆராய்ந்து பட்டம் பெறுவோர் தமிழர்க்கு ஒரு பக்கமும் எழுதக் கடமைப்படவில்லை. மொழிப்பற்றின் சினம் பாய வேண்டிய இடம் இது.

கேரளத்தில் இன்னொரு மொழியும் உண்டு. பதிற்றுப்பத்தின்றிச் சேரர் வரலாறு இல்லை. மணிப்பிரவாளத்துக்கு இலக்கணம் கூறும் லீலாதிலகம் ‘பாட்டு’ என்னும் வகைக்கு எதுகையும் மோனையும் வேண்டும் என்கிறது. தமிழ் யாப்பை அறியாதார்க்கு அவ்விடம் விளங்காது. இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை சங்க நூல்களைத் தாமே கற்றுக் கேரள வரலாற்றை எழுதினார். அத்தகைய பயிற்சி இன்றைய மலையாள ஆய்வாளரிடம் அருகிவிட்டது. காரியவட்டம் வளாகத்தில் தமிழ்த்துறையும் மலையாளத்துறையும் அடுத்தடுத்து இயங்குகின்றன. ஒன்றில் பதிற்றுப்பத்து ஆராயப்பட்டால் மற்றதற்கு அச்செய்தி செல்லும் வழி இன்று ஆங்கிலச் சுருக்கம் ஒன்றே. அதுவோ ஐந்து இயல்களை எண்ணிக்கொண்டு நிற்கிறது. இங்கு சமர்ப்பிக்கப்படும் தமிழ் ஏடுகளுக்கு மலையாளத்திலும் ஒரு பக்கம் கேட்பது மிகையாகாது.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. சுருக்கம் முதலில் தமிழில், ஆய்வாளர் கையால், இயல் என்னும் சொல்லே வாராமல் எழுதப்பட வேண்டும். நெறியாளர் அதனை ஏற்றபின் ஆங்கிலமாக்கலாம். அதில் திணை, துறை, இறைச்சி போன்றவை எழுத்துப்பெயர்ப்பாகவே நின்று அடுத்த தொடரில் விளக்கம் பெறலாம். பிறர் உதவி பெறுவதில் இழுக்கில்லை. பிறர் எழுதியதைப் படியாமல் கையெழுத்திடுவதில்தான் இழுக்கு. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதல் வினாவை அப்பக்கத்திலிருந்தே கேட்கட்டும். இவ்வாறு கேட்கப்படும் என்னும் செய்தி பரவினாலே தட்டச்சு நிலையத்தின் வேலை பாதி குறையும்.

பழைய ஏடுகளுக்கும் வழியுண்டு. 2009 விதிமுறைகளால் முனைவர்பட்ட மாணவர் அனைவர்க்கும் பாடநெறி கட்டாயமாயிற்று. ஆய்வு நெறிமுறைத் தாளில் மேற்கோள் முறைகளை மனப்பாடம் செய்விக்கும் நேரத்தில், மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் துறை நூலகத்திலுள்ள பழைய ஏடுகள் ஐந்தை முழுதும் படித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் முந்நூறு சொல்லில் சுருக்கம் வரையலாம். முடிவு இல்லாத ஏட்டுக்கு ‘முடிவு கூறப்படவில்லை’ என்றே எழுதட்டும்.