பூப்போட்ட குவளையும் நம் பாரம்பரியமே!



பாரம்பரியம் என்றதும் நம்மவர்க்குக் குத்துவிளக்கும் பித்தளைச் செம்புமே கண்முன் நிற்கின்றன. பள்ளியில் பழம்பொருள் கண்காட்சி என்றால், பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ புது விளக்கு ஒன்றை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் பெற்றோர் எத்தனை பேர்! அதே வீட்டு அலமாரியில், 1960-களில் பாட்டி வாங்கிய பூப்போட்ட, பொன்விளிம்பிட்ட கண்ணாடிக் குவளைகள் தூசு படிந்து கிடக்கும். வீடு மாறும் நாளில் அவை பழைய நாளிதழ் வாங்கும் வண்டியில் ஏறிவிடும்.

"அது வெறும் கடைச்சரக்குதானே? அதில் தமிழ்ப் பாரம்பரியம் எங்கே?" என்பர் சிலர். கடைச்சரக்குதான், யார் மறுத்தார்? பால்டின்னைக் குவளையாக்கித் தேநீர் குடித்த தோட்டப் பாட்டாளி, விருந்தினருக்கென்றே ஆறு கண்ணாடிக் குவளை வாங்கியது சிறிய செய்தியா? தீபாவளிக்கு வந்தவர்க்கு ஆரஞ்சுப் பானம் அவற்றில்தான் வழங்கப்பட்டது. கூலி என இகழப்பட்ட குடும்பம் தலைநிமிர்ந்ததற்குச் சான்று அது. நேற்று வாங்கிய விளக்கு எதற்குச் சான்று?

பழமை மோகத்தில் அவற்றிலேயே குடிக்கப் புறப்படுவோர்க்கும் ஒரு சொல். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ டர்னர், புதியனவும் பழையனவுமான 72 வண்ணக் கண்ணாடிக் கலன்களில் நடத்திய 197 சோதனைகளின் முடிவை 2017-இல் வெளியிட்டார். 139 சோதனைகளில் ஈயமும் 134-இல் காட்மியமும் வண்ணத்தில் தென்பட்டன. 2010-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 12 மில்லியன் 'ஷ்ரெக்' குவளைகளைக் காட்மியத்தின் பொருட்டுத் திரும்பப் பெற்றது. எனவே பழங்குவளையைப் போற்றுங்கள். பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

போற்றும் முறை எளியது:

1. இரும்புப் பஞ்சும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டா. வெதுவெதுப்பான நீர், சிறிது சவர்க்காரம், மென்துணி போதும். பொன்பூச்சு மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் போய்விடும்.

2. கொதிநீர் ஊற்றாதீர்கள், சாதாரணக் கண்ணாடி திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

3. ஒன்றனுள் ஒன்றாக அடுக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் பிரிக்கையில் விளிம்பு சிதறும்.

4. யார், எந்தத் தோட்டத்தில், எதற்காக வாங்கினார் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

நான்காவதே தலையாயது. அந்தத் தாள் இல்லையேல், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தையில் விற்கும் மற்றொரு குவளைதான் அதுவும். அதை எழுதித் தர வீட்டில் ஒருவரால்தான் இயலும்.

பாட்டி இருக்கும்போதே கேளுங்கள்!