கருவிக்குத் திலகமிட்டால் போதுமா?

பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் எந்திர மனிதக் கருவிகள் பெருகி வரும் காலம் இது. அக்கருவிகள் அயல்நாட்டின; அவற்றின் கையேடுகள் ஆங்கிலத்தின; ஆதலின் அங்கே தமிழுக்கு என்ன வேலை என்று வினவுவோர் நம்மிடையே உளர். அவர்தம் கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம்.

எந்திரக் கை ஒன்றைக் காண்போம். அதன் ஒவ்வொரு மூட்டையும் ஒரு மின்னோடி இயக்குகின்றது. மூட்டு எத்துணைப் பாகை திரும்பிற்று என்பதை உணரி அளந்து அறிவிக்கின்றது. பணித்த கோணத்திற்கும் எட்டிய கோணத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணினி கண்டு, மின்னோடியைத் திருத்துகின்றது. இதுவே பின்னூட்டம். இவ்விளக்கத்தில் தமிழுக்கு எட்டாதது யாது? கருவியை விலைகொடுத்து வாங்கலாம். அது பிழை செய்யுங்கால் ஏனென்று ஆராயும் அறிவை எவரும் பெட்டியிலிட்டு அனுப்புவதில்லை. அவ்வறிவு புரிந்த மொழியிலேயே வேரூன்றும்.

‘ரோபோ’ என்னும் சொல், செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகத்தால் உலகெங்கும் பரவியது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லே அதன் வேர். 1910இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலிமுறையின் கொடுமையைச் சுமந்தவர்தம் வழிவந்த நமக்கு அச்சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில் பணிமனைகளிலும் உடலுழைப்பால் வாழ்ந்த சமுதாயம் நாம். அவ்வுழைப்பை எந்திரம் ஏற்கும் நாளில், எந்திரத்தை ஆள்வோராக நிற்பதா, அதனால் விலக்கப்படுவோராக நிற்பதா?

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தோன்றிய இந்திய ஆய்வியல் துறையும் பொறியியல் புலமும் இன்று ஒரே வளாகத்தில் உள்ளன. இலக்கியம் பயில்வோன் ஆய்வுக்கூடத்தின் வாயிலைத் தட்டினால் என்ன? பொறியியல் பயிலும் தமிழ் மாணவன் தான் கற்றதை நான்கு பக்கத் தமிழில் எழுதித் தமிழ்ப்பள்ளிக்கு அளித்தால் என்ன? இயலாது என்போர், கணினியில் தமிழ் எழுத ‘முரசு’ மென்பொருளை முத்து நெடுமாறன் இம்மண்ணிலேயே உருவாக்கியதை எண்ணிப் பார்க்கட்டும். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியதையும் நினைவிற் கொள்ளட்டும்.

ஆசிரியப் பெருமக்களே! ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகின்றோம். வணங்குவதோடு நில்லாது, அதன் மூடியைத் திறந்து உள்ளிருப்பதை மாணவனுக்குத் தமிழில் விளக்குங்கள். போட்டியில் வென்ற கோப்பை அலமாரியில் தூசு படியும். விளங்கிக்கொண்ட மாணவனோ மேலும் ஒரு கருவியைத் தானே படைப்பான்.