கேட்டமரன் நம்ம சொத்துதான்; கல்ச்சர் நம்ம சொத்து இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"ஆங்கிலமே தமிழிலிருந்து பிறந்தது" என்று ஒரு பட்டியல் இந்த மாதம் மட்டும் நாலு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது. அனுப்பியவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். எய்ட் என்பது எட்டாம், விக்டரி என்பது வெற்றியாம், கல்ச்சர் என்பது கலாச்சாரமாம். கீழே "தமிழன் என்றால் பகிரவும்" என்று ஒரு மிரட்டல் வேறு. நான் பகிர மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எய்ட் என்ற சொல்லுக்குக் கூடப்பிறந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஜெர்மனில் ஆஃக்ட், லத்தீனில் ஆக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. அது அந்தக் குடும்பத்துப் பிள்ளை. நம்ம எட்டுக்குக் கன்னடத்து எண்டு, தெலுங்கு எனிமிதி என்று சொந்தம் தனி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு முகச்சாடை ஒத்துப்போனால் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா? விக்டரி, வெல்வது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. கல்ச்சர், பயிரிடுவது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அக்ரிகல்ச்சரில் இருப்பதும் அதே சொல்தான். இதில் பெரிய வேடிக்கை, கலாச்சாரமே தமிழ்ச் சொல் இல்லை. கலா, ஆசாரம் என்ற இரண்டு வடசொற்களின் சேர்க்கை. தமிழ்ப் பெருமை பேச வடசொல்லைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்!

"போகட்டும் சார், நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்பீர்கள். நல்லது இல்லை. பொய்யான பத்தோடு சேர்த்து அனுப்பினால் உண்மையான ஒன்றையும் எவனும் நம்ப மாட்டான். அந்த உண்மையான ஒன்று நம்ம கடற்கரைச் சொத்து. அதனால்தான் எனக்குக் கோபம்.

கேட்டமரன் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் நல்ல ஆங்கில அகராதி எதைத் திறந்தாலும் அதன் மூலம் தமிழ்க் கட்டுமரம் என்றுதான் போட்டிருக்கும். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் போடவில்லை. சாட்சி இருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இந்த மிதவை இருப்பதையும் அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார். யார் கொண்டுபோனார், எப்போது, எந்தப் பொருளோடு சேர்த்து என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு உரிமை கோர இதுதான் பத்திரம்.

பொருள் எப்படி மாறியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்ம கட்டுமரம் என்பது கனமில்லாத மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. உள்கூடு கிடையாது. மேலே ஏறிய தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கிவிடும், அதனால் மூழ்காது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம். அலை உடைகிற மணல்கரைக்கு அதைவிடப் பொருத்தமான கலம் இல்லை. அமெரிக்காவில் நத்தானியல் ஹெரெஷாஃப் என்பவர் 1876-இல் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி எல்லோரையும் முந்தினார். அந்த வகைப் படகுக்குக் கேட்டமரன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இரட்டைப் படகு பசிபிக் தீவு மக்களின் பழைய உத்தி. பெயர் மட்டும் நம்முடையது. ஆகவே "சொகுசுக் கேட்டமரனைத் தமிழன் கண்டுபிடித்தான்" என்பதும் தப்பு. "கேட்டமரன் என்றால் இரட்டைப் படகு மட்டும்தான்" என்று பிள்ளைகளுக்குப் படம் காட்டுவதும் தப்பு. நம்ம பிள்ளைக்குக் கட்டுமரப் படத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

சுருட்டு செரூட் ஆனதும், மிளகுத் தண்ணீர் மல்லிகடானி ஆனதும் இப்படித்தான்: வியாபாரத்தில், சமையற்கட்டில், கப்பலில். நாமும் சும்மா இருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்குப் போர்த்துக்கீசியர் வந்தார்கள். சாவி, அலமாரி, ஜன்னல், மேசை எல்லாம் அவர்கள் மொழியில் இருந்து எடுத்துக்கொண்டதுதான். சாவி இல்லாமல் எந்தத் தமிழ் வீடு பூட்டப்படுகிறது? கடன் வாங்குவது கேவலம் இல்லை, கொடுப்பது மட்டுமே பெருமையும் இல்லை.

கடைசியாக ஒன்று. 2004 சுனாமிக்குப் பிறகு பல ஊர்களில் கட்டுமரம் இருந்த இடத்தில் பைபர் படகு வந்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன், கடலுக்குப் போகிறவனுக்கு உயிரும் பிழைப்பும் முக்கியம். ஆனால் மரம் போனால் அதோடு சேர்ந்த சொற்களும் போகும். அணியம் என்றால் படகின் எந்தப் பக்கம்? நீவாடு என்றால் என்ன? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எந்தெந்தத் திசைக் காற்று? தருவைகுளத்தில் பிறந்து வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் எத்தனை பேர் பார்க்காமல் சொல்வீர்கள்? லண்டன்காரன் எடுத்துப்போன ஒரு சொல் அகராதியில் பத்திரமாக இருக்கிறது. நம்ம வீட்டுப் பெரியவர்கள் வாயில் இருக்கும் நூறு சொல்லுக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை.

எனவே ஒரு வீட்டுப்பாடம். அந்தப் பட்டியலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிலாக இன்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, தாத்தாவிடமோ மாமாவிடமோ பத்துக் கடல் சொற்களைப் பொருளோடு கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நான் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன், பழக்கம் போகவில்லை.