ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடலாமா?

உங்களுக்கு வருகிற இ-மெயில்களில் ஏதாவது ஒரு சங்கத்தின் மெயிலோ பழைய மாணவர் குழுவின் மெயிலோ இருந்தால், அதன் அடிப்பகுதியை ஒரு முறை பாருங்கள். ஒரு கோடு போட்டு, அதன் கீழே ஓர் இணைய முகவரி இருக்கும். அந்த முகவரியில் 'மெயில்மேன்' என்றும் அதை அடுத்து 'லிஸ்ட்இன்ஃபோ' என்றும் இருந்தால், அந்த மெயிலை உங்களுக்கு அனுப்பி வைத்த சாப்ட்வேர் பெரும்பாலும் மெயில்மேன் 2.1 ஆகத்தான் இருக்கும். அதற்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2021-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. ஆனாலும் பல சர்வர்களில் அது ஓடிக் கொண்டுதான் இருக்கிறது. ஓடுகிற வரை ஓடட்டும் என்று விட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி விடுவது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் காரணம் அது பழையது என்பதல்ல.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 300 பேர் உள்ள ஒரு குழு இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொருவரும் 300 முகவரிகளை டைப் செய்து கொண்டிருக்க முடியாது. அதனால் குழுவுக்கு என்று ஒரே ஒரு முகவரி வைத்துக் கொள்வார்கள். அதற்கு எழுதினால் சர்வரில் உள்ள சாப்ட்வேர் எல்லோருக்கும் அனுப்பிவிடும். இதைத்தான் மெயிலிங் லிஸ்ட் என்கிறோம். செயல்படாமல் போன முகவரிகளை அந்த சாப்ட்வேரே கண்டுபிடித்து நிறுத்தி வைக்கும். வெளியாட்கள் அனுப்பும் மெயில்களை நிர்வாகியின் அனுமதிக்காகப் பிடித்து வைக்கும். வந்த மெயில்கள் அனைத்தையும் மாத வாரியாகச் சேமித்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையப் பக்கங்களாக வைக்கும். இந்தக் கடைசி வேலைதான் எல்லாவற்றையும் விட முக்கியமானது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மெயில்மேனை 1990-களில் முதலில் எழுதியவர் ஜான் வியேகா. பிறகு பாரி வார்சா தலைமையில் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். இது குனூ திட்டத்தைச் சேர்ந்த ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர். பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். இதற்கு முன்பே லிஸ்ட்சர்வ், மேஜர்டோமோ போன்றவை இருந்தன. மேஜர்டோமோவில் சேர வேண்டும் என்றால் கட்டளையை மெயிலாக எழுதி அனுப்ப வேண்டும். மெயில்மேனில் பிரவுசரைத் திறந்து, பெயரும் முகவரியும் கொடுத்துச் சேர்ந்துவிடலாம். அது வேகமாகப் பரவ இந்த வசதி ஒன்றே போதுமானதாக இருந்தது. 2.1 பதிப்பு 2002 டிசம்பர் கடைசியில் வந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் லிஸ்ட்கூட சென்னை ஐ.ஐ.டி.யின் சர்வர் ஒன்றில் மெயில்மேனில்தான் பல வருடங்கள் நடந்தது. வெப் ஹோஸ்டிங் வாங்கியவர்களுக்கு சிபேனலோடு சேர்ந்தே இது கிடைத்தது. கேட்காமலே கையில் வந்த சாப்ட்வேர் என்பதால், அதைப் பராமரிக்க வேண்டும் என்ற நினைப்பே பலருக்கு வரவில்லை.

மெயில்மேன் 2.1 எழுதப்பட்ட மொழி பைத்தான் 2. அந்த மொழிக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதை நம்பியிருந்த மெயில்மேனின் கடைசிப் பதிப்பான 2.1.39, 2021 டிசம்பரில் வெளிவந்தது. அதே வருடம் ஆகஸ்டில் வந்த டெபியன் 11 லினக்ஸில் பழைய மெயில்மேனை நீக்கிவிட்டு, மெயில்மேன் 3-ஐ மட்டும் வைத்தார்கள். இதனால் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். லிஸ்ட் ஓட வேண்டும் என்பதற்காக நிர்வாகி ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் புதுப்பிக்காமல் வைத்திருப்பார். அதே சர்வரில் சங்கத்தின் இணையதளமும் இருக்கும், உறுப்பினர் பட்டியலும் இருக்கும். ஒரு சாப்ட்வேருக்காக எல்லாமே பழையதாக நின்றுவிடும்.

பழைய சாப்ட்வேர் என்றாலே ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. மேஜர்டோமோவின் கடைசிப் பதிப்பு வந்தது 2000 ஜனவரியில். லினக்ஸ் கெர்னலை உருவாக்குகிறவர்களின் முக்கியமான மெயிலிங் லிஸ்ட்கள் அதற்குப் பிறகும் இருபது வருடங்களுக்கு மேல் மேஜர்டோமோவில்தான் நடந்தன. 2023-ல்தான் வேறொரு சாப்ட்வேருக்கு மாற்றினார்கள். உலகத்திலேயே இந்த விஷயம் தெரிந்தவர்கள் அவர்கள்! பழையதையே வைத்திருந்தார்கள் என்றால், அதை நன்றாகத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்து கவனித்துக் கொண்டார்கள். நம் ஊர்ச் சங்கங்களின் நிலைமை அப்படி இல்லை. லிஸ்ட்டை அமைத்துக் கொடுத்தவர் வேலை கிடைத்து எங்கோ போயிருப்பார். அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாது.

பாஸ்வேர்டு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மெயில்மேன் 2.1-ல் உள்ள லிஸ்ட்டில் நீங்கள் உறுப்பினராக இருந்தால், மாதம் பிறந்ததும் 1-ஆம் தேதி 'உங்கள் பாஸ்வேர்டு இதுதான்' என்று ஒரு மெயில் வரலாம். வசதியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சர்வரால் உங்கள் பாஸ்வேர்டை எழுதி அனுப்ப முடிகிறது என்றால், அது எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த பைலை யாராவது எடுத்துவிட்டால் எல்லோருடைய பாஸ்வேர்டும் போய்விடும். இது செய்தவர்களின் அலட்சியம் அல்ல. அந்தக் காலத்தில் லிஸ்ட் பாஸ்வேர்டை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் பலர் அதே பாஸ்வேர்டை மற்ற இடங்களிலும் வைத்திருப்பார்கள். அங்கேதான் வம்பு. நீங்கள் இப்படி ஒரு லிஸ்ட்டில் சேரும்போது பாஸ்வேர்டு கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள். சாப்ட்வேரே ஒன்றை உருவாக்கிக் கொள்ளும்.

அடுத்த அடி வெளியிலிருந்து வந்தது. 2014 ஏப்ரலில் யாஹூ நிறுவனம், தன் முகவரியில் இருந்து வருவதாகச் சொல்லிக் கொள்ளும் மெயில் உண்மையில் தன் சர்வரிலிருந்து வரவில்லை என்றால் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று மற்ற எல்லா சர்வர்களுக்கும் அறிவித்தது. டிமார்க் என்ற முறையின் மூலம் இதைச் செய்தது. போலி மெயில்களைத் தடுப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் மெயிலிங் லிஸ்ட் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்! நீங்கள் எழுதிய மெயிலை வாங்கி, தலைப்பில் குழுவின் பெயரைச் சேர்த்து, அடியில் நாலு வரி ஒட்டி, உங்கள் பெயரிலேயே மற்றவர்களுக்கு அனுப்புகிறது. ஒரு வரி மாறினாலும் அனுப்பிய சர்வர் போட்ட டிஜிட்டல் கையெழுத்து செல்லாமல் போகும். யாஹூ உறுப்பினர் ஒருவர் எழுதினால் போதும், ஜிமெயில்காரர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. திரும்பி வந்த மெயில்களைப் பார்த்து, 'இந்த முகவரிகள் செயல்படவில்லை' என்று மெயில்மேன் அவர்களின் உறுப்பினர் நிலையையே நிறுத்தி வைத்தது. எந்தத் தவறும் செய்யாதவர்களுக்கு மெயில் வருவது நின்றது. சில வாரங்களிலேயே, மே மாதம் வந்த 2.1.18 பதிப்பில் இதற்கு வழி செய்தார்கள். அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரி வர ஆரம்பித்தது இப்படித்தான். அப்போது திருத்தி வெளியிட ஆட்கள் இருந்தார்கள். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்குப் புது விதிகள் போட்டபோது, 2.1-க்குப் புதிய பதிப்பு வருவது நின்று இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. விதிகள் இனியும் மாறும்.

அப்படியானால் மெயில்மேன் 3-க்கு மாறிவிட வேண்டியதுதானே? அது 2015 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வைக்கிறது. ஒரே கணக்கில் எல்லா லிஸ்ட்களையும் பார்க்கலாம். பழைய மெயில்களில் தேடலாம். விக்கிமீடியா தன் மெயிலிங் லிஸ்ட்களை 2021-ல் இதற்கு மாற்றியது.

ஆனால் இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய மெயில்மேன் ஒரே சாப்ட்வேர். ஒரு சாதாரண சர்வரில் அரை நாளில் நிறுவிவிடலாம். மூன்றாம் பதிப்பை ஐந்து துண்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். மெயிலைக் கையாள ஒன்று, நிர்வாகப் பக்கங்களுக்கு போஸ்டோரியஸ், பழைய மெயில்களைக் காட்ட ஹைப்பர்கிட்டி, இவற்றை இணைக்க இன்னும் இரண்டு. இதற்கு மேல் ஜாங்கோ, ஒரு டேட்டாபேஸ். விக்கிமீடியா போன்ற பெரிய இடங்களுக்கு இது பொருத்தம். 80 பேர் உள்ள ஒரு ஊர்ச் சங்கத்துக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. சின்னக் குழுக்கள் 2.1-லேயே நின்றுவிட்டதற்கு அவர்களின் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது.

நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் லிஸ்ட் 2003-ல் ஆரம்பித்தது. அதை மாற்றும் வேலை என்னிடம் வந்தபோது, சாப்ட்வேரை நிறுவ இரண்டு நாள் ஆனது. பழைய மெயில்களைக் கொண்டு வர மூன்று வாரம் ஆனது. மெயில்மேன் ஒரு லிஸ்ட்டின் மெயில்களை எல்லாம் எம்பாக்ஸ் என்ற ஒரே நீளமான பைலில் வைத்திருக்கும். ஒரு மெயில் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை, வரியின் தொடக்கத்தில் வரும் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாராவது தன் மெயிலின் நடுவில் ஒரு வரியை அந்தச் சொல்லில் ஆரம்பித்திருந்தால், அந்த மெயில் இரண்டாக உடைந்துவிடும்! இதைச் சரி செய்ய 'கிளீன்ஆர்ச்' என்ற சிறு புரோக்ராமை மெயில்மேனிலேயே வைத்திருக்கிறார்கள். அதை முதலில் ஓட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு டிஸ்கி எழுத்துருவில் தமிழில் எழுதிய சில மெயில்கள் புரியாத குறிகளாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றினோம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று நண்பர்களே கேட்டார்கள். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்றார்கள். அந்த லிஸ்ட்டில் முதன்முதலாக வெளிநாடு போனவர்கள் விசாவுக்கு என்ன செய்தார்கள் என்று எழுதியது இருக்கிறது. இறந்து போன ஒரு பேராசிரியர் தன் மாணவர்களின் கேள்விகளுக்கு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதிய பதில்கள் இருக்கின்றன. அவை வேறு எங்கும் இல்லை. சாப்ட்வேர் போனால் வேறு சாப்ட்வேர் எடுத்துக் கொள்ளலாம். இவை போனால் போனதுதான்.

யாஹூ குரூப்ஸில் குழு வைத்திருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2019 கடைசியில் அங்கே சேர்ந்திருந்த பழைய மெயில்களை எல்லாம் நீக்கினார்கள். 2020 டிசம்பரில் சேவையையே மூடிவிட்டார்கள். குறித்த நேரத்தில் எடுத்து வைக்காதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நம் சர்வரில், நம் கையில் இருக்கிற மெயில்மேனில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சர்வரின் ஹார்டு டிஸ்க் பழுதானால் முடிவு ஒன்றுதான்.

எனவே, லிஸ்ட்டில் இன்றும் மெயில் போக்குவரத்து இருக்கிறது, பராமரிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால் மெயில்மேன் 3-க்கு மாறுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பழைய இணையப் பக்கங்களை அதே முகவரியில் அப்படியே விட்டு வையுங்கள். இல்லையென்றால் இத்தனை வருடங்களாக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்து போகும். உறுப்பினர்கள் புதிய தளத்தில் மறுபடி கணக்குத் தொடங்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆள் இல்லை, மாதத்துக்கு ஒரு மெயில்தான் வருகிறது என்றால் தயங்காமல் லிஸ்ட்டை மூடுங்கள். பழைய மெயில்களை மட்டும் சாதாரண இணையப் பக்கங்களாக வைத்துவிட்டு, மெயில்மேனை நீக்கிவிடுங்கள். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. இரண்டில் எதையும் செய்யாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இலவசமாகக் கிடைத்ததற்கு இவ்வளவு வேலையா என்று சிலர் சலித்துக் கொள்கிறார்கள். சாப்ட்வேர் இலவசம், அதைப் பார்த்துக் கொள்ளும் நேரம் இலவசம் அல்ல. இத்தனை காலம் அந்த நேரத்தை வேறு யாரோ கொடுத்தார்கள். 2.1-ஐக் கடைசி வரை திருத்தி வெளியிட்டவர்களில் முக்கியமானவரான மார்க் சாபிரோவை, அதைப் பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் சாதாரண உறுப்பினர், சர்வர் பக்கமே போனதில்லை, என்னால் என்ன முடியும் என்று நினைக்காதீர்கள். உங்கள் லிஸ்ட் நிர்வாகிக்கு ஒரு மெயில் எழுதி, எம்பாக்ஸ் பைலுக்கு பேக்கப் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? லிஸ்ட்டின் பழைய மெயில்கள் உள்ள பக்கத்துக்குப் போங்கள். எல்லோரும் படிக்கக்கூடிய லிஸ்ட் என்றால், ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே டவுன்லோடு செய்து கொள்ள ஒரு பைல் கொடுத்திருப்பார்கள். இருபது வருடத்துக்கு 240 பைல்கள். ஒரு பென் டிரைவில் தாராளமாக அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றை எடுத்து வைத்துவிட்டு, என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது என்று லிஸ்ட்டுக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.